மூன்றாம் பாட்டுக்கும் நான்காம் பாட்டுக்கும் நடுவில்

உப்புக்காற்று என்ற ராக் இசைக்குழு தூத்துக்குடி துறைமுக மைதானத்தில் பாடிய சாயங்காலத்தில், கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு தடவை கத்தியதில் டெல்பினா மச்சாது தன் குரலை இழந்தாள். இழந்தாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, குரல் எங்கே போனது என்பது பின்னால் ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரிந்தபிறகு யாரும் அதைப் பெரிய அதிசயமாக நினைக்கவும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள் என்றால் அப்படியா என்று கேட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்களே, அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

டெல்பினா பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்ட். பக்கத்து மேசை ரெபேக்காவுடையது. இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதிகள். ஒரே குடையில் வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். டெல்பினாவின் வீட்டில் அம்மா சலேத்தம்மாளும் அண்ணன் ஹெர்மனும். ஹெர்மன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆப்பமும் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வேலைதான், டேப்ரிக்கார்டரைக் கூடத்தின் நடுவில் வைத்து உப்புக்காற்றின் கேசட்டுகளைப் போட்டுச் சண்டை பிடிப்பது.

உப்புக்காற்று வேறெங்கோ இருந்து வந்த குழு இல்லை. அதே ஊர்ப் பையன்கள் நாலு பேர், கப்பலில் வந்த மாலுமிகளிடமிருந்து பழைய எலக்ட்ரிக் கிட்டார்களை வாங்கி, துடுப்புப் போடும்போது பாடுகிற அம்பாப் பாட்டின் தாளத்தை அதற்குள் இறக்கி, மீனும் டீசலும் நாறுகிற ஒரு சங்கீதத்தைச் செய்தார்கள். கஸ்பார் மிராந்தா பாடுவான், தொம்மை டிரம்ஸ் அடிப்பான். முதல் கேசட் 'உப்பளம்' வந்தபோது தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் டீக்கடைகளில் வேறு பாட்டு ஓடவில்லை. அந்த வேகத்தில் மதராஸ் கம்பெனிக்காரர்கள் 'பொறுக்கியெடுத்த பாடல்கள்' என்று ஒரு தொகுப்பையும், 'மதுரையில் உப்புக்காற்று' என்று மேடையில் பதிவு செய்த ஒரு கேசட்டையும் அடுத்தடுத்துக் கொண்டுவந்தார்கள். சண்டை இந்த இரண்டைப் பற்றியும்தான்.

"நல்ல பாட்டையெல்லாம் ஒண்ணா எடுத்துத் தந்திருக்கான். இதுல என்னட்டி குறை உனக்கு?" என்பான் ஹெர்மன்.

"கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரில்லா இருக்கு. எல்லாரும் நல்ல துணி உடுத்திச் சிரிச்சிட்டு நிக்காங்க. யாரு யார்கூடப் பேசுறதில்லைன்னு அதுல தெரியுமா?" என்பாள் டெல்பினா. "'உப்பளம்' கேசட்டுல 'நங்கூரம்' பாட்டுக்கு முன்னால ஒரு அறுவைப் பாட்டு வரும் பாரு. அந்த அறுவையைத் தாங்கிட்டு வந்தாத்தான் நங்கூரம் நங்கூரமா இருக்கும். வெயில்ல நடக்காதவன் மோர் குடிச்சா மோரு ருசிக்குமா?"

"அப்போ மதுரைக் கேசட்டு?"

"அது அதைவிடப் பொய். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஒருத்தன் இருமுதான். அதே இருமல், அதே இடத்துல. கைதட்டை வேற எங்கேயோ எடுத்து வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான். கூட்டத்துல நிக்காத கூட்டம் அது."

ஹெர்மன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். இருமல் இருந்தது. அதற்கு மேல் அவனால் அந்தக் கேசட்டைக் கேட்க முடியவில்லை. கெடுத்துவிட்டாயே என்று தங்கையைத் திட்டினான். இன்னொரு அபிப்பிராயமும் அவளுக்கு இருந்தது, அதை அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: 'நங்கூரம்' பாட்டை கஸ்பார் தேவையில்லாத வேகத்தில் பாடிவிட்டான், நங்கூரம் கடலடிக்கு இறங்குகிற வேகத்தில் அதைப் பாட வேண்டும்.

அதனால்தான், பனிமயமாதா திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பு துறைமுக மைதானத்தில் கச்சேரி நடந்தபோது, மூன்றாவது பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது, நாலாவதாக 'நங்கூரம்' பாட கஸ்பார் கிட்டாரின் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, டெல்பினா தன்னை மறந்து, வயிற்றிலிருந்து, அதுவரை வாழ்க்கையில் கத்தாத ஒரு சத்தத்தில் கத்தினாள்: "கஸ்பார் அண்ணே, மெதுவாப் பாடுங்க!"

கஸ்பார் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான், சிரித்தான், தொம்மையிடம் திரும்பி ஏதோ சொன்னான், பிறகு அந்தப் பாட்டை அவ்வளவு மெதுவாக ஆரம்பித்தான், அவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனான், கப்பல்களின் விளக்குகள் ஏற்றப்படும் அந்த நேரத்தில் மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் கழுத்தளவு தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசையாமல் நின்றார்கள். ரெபேக்கா டெல்பினாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டெல்பினா அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

தொண்டை கட்டியிருக்கும் என்று சலேத்தம்மாள் மிளகும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். திருவிழாவில் தேர் நகர்ந்தது, ஊர் 'மரியே வாழ்க' என்று முழங்கியது, டெல்பினாவின் வாய் மட்டும் அசைந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்கும்மா. வீடு திறந்து கிடக்கு, ஆளுதான் இல்லை" என்றார். எழுதிக் காட்டலாம்தான். ஆனால் இத்தனை வருஷம் டைப் அடித்த கை, பேனாவைப் பிடித்தாலும் ஆபீஸ் கடிதமாகவே எழுதியது. 'தங்கள் இட்லி கிடைக்கப்பெற்றேன், சட்னி குறித்துத் தகவல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் சலேத்தம்மாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பாட்டைப் பற்றி ஒரு வரி எழுத முடியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் 'துறைமுக மைதானத்தில் உப்புக்காற்று' கேசட் கடைக்கு வந்தது. ஹெர்மன் வேலையிலிருந்து வரும்போதே வாங்கிக்கொண்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் போட்டான். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. கைதட்டல் எழுந்தது. தங்கையின் கத்தல் வந்தது. ஹெர்மன் சந்தோஷமாக அவளைத் திரும்பிப் பார்த்தான், அப்போது டேப்ரிக்கார்டருக்குள்ளிருந்து அதே குரல், கத்தாமல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் பேசியது.

"அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையேன். இங்க தள்ளுதானுவ."

டெல்பினா நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"எங்கட்டி நிக்கே?" என்றான் ஹெர்மன். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தே கேட்டான்.

"மைதானத்துலதான். எனக்கு முன்னால ஒரு நெட்டையன் நிக்கான். இன்னும் போகல. மேடையே தெரியல." அதற்குள் கஸ்பாரின் கிட்டார் இறங்கியது, அவள் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது.

சலேத்தம்மாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து, பிள்ளை வாய் திறந்த சத்தம் கேட்டதே என்று நாற்காலியில் இருந்த மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு விஷயம் புரிந்ததும் டேப்ரிக்கார்டரின் தூசியை முந்தானையால் துடைத்தாள். ஹெர்மன் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டான். இந்தத் தடவை குரல், "அம்மா, மீன் அடி பிடிக்கு" என்றது. பிடித்துத்தான் இருந்தது.

அந்தக் கைதட்டல் ஒரு வெங்காயம் உரிக்கிற நேரம் நீடிக்கும். அவ்வளவு நேரம்தான் டெல்பினா பேசலாம். ஊரில் எந்தப் பிரதியைப் போட்டாலும், எந்தக் கடையில் போட்டாலும், அந்த இடம் வந்ததும் அவள் மனதில் அப்போது எது ஓடுகிறதோ அது வெளியே வரும். கூட்டத்தில் கத்துகிறவளுக்கு யோசித்துப் பேச நேரம் ஏது. டீக்கடையில் போட்டால், "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே புழுக்கம்" என்று வரும். திருச்செந்தூர் பஸ்ஸில் போட்டால், "செருப்பு வார் அறுந்துட்டு" என்று வரும், பஸ்ஸில் இருக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், ஊருக்குள் வந்து இறங்குகிற எவராவது செருப்புத் தைக்கிறவரை அவள் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். தெருப் பெண்கள் அந்த இடைவெளிக்கு 'டெல்பினா வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'டெல்பினா வீட்டுக்குப் போய்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத் தங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து, பேனாவைக் கேசட்டின் பல்லில் மாட்டிச் சுற்றிச் சுற்றி, அவளிடம் மீன் விலையும் பேசினார்கள், மாமியாரைப் பற்றியும் பேசினார்கள். அவள் காதில் அவர்கள் சொன்னது விழாது, ஆனாலும் பதில் மாதிரி ஏதாவது ஒன்று வரும், அது போதும் என்றார்கள்.

உப்புக்காற்று ரசிகர்கள் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தார்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தக் கேசட் உசத்தி என்று கேட்டார்கள். டெல்பினாவுக்கு அப்போது முகம் மலரும். ஹெர்மன் கேசட்டை ஓட்டுவான், அவள் வெங்காய வெங்காயமாகத் தன் அபிப்பிராயத்தைச் சொல்வாள். மேடைக் கேசட் என்றால் பாடுகிறவன் தப்புப் பண்ண வேண்டும், தப்புப் பண்ணியதை அவனே கேட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பாள். பொறுக்கியெடுத்த கேசட்டை வாங்குகிறவனுக்குப் பாட்டு வேண்டாம், நல்ல பாட்டு வேண்டும், இரண்டும் வேறு என்பாள். ஹெர்மன் ஒவ்வொரு தடவையும் வந்தவர்களிடம், "எனக்கு நல்ல பாட்டுதான் வேணும்" என்று தனியாகச் சொல்லி அனுப்புவான்.

மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் போனபோது அவர் நிறைய யோசித்தார். பிசாசு வேலையாக இருந்தால் அதற்கு இவ்வளவு நல்ல சங்கீத ரசனை இருக்காது என்று முடிவு செய்தார். பாவசங்கீர்த்தனம்தான் சிக்கலாக இருந்தது. அவள் கேசட்டைப் போட்டுப் பாவத்தைச் சொன்னால், அதே நேரத்தில் ஊரில் அதே இடத்தைப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்டுவிடும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மணியை ஒரு தடவை தனியாக அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த மணி கேட்டதும் டீக்கடைக்காரர்கள் பொத்தானை அமுக்குவார்கள், பஸ் டிரைவர்கள் நிறுத்துவார்கள், துறைமுகத்தில் லாரிக்காரர்கள்கூட நிறுத்துவார்கள், ஊர் முழுக்க உப்புக்காற்று அடங்கி நிற்கும், டெல்பினா பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டு டேப்ரிக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அழுவாள்.

கேசட்டுக்குள்ளே எப்படி இருக்கிறது என்று சாமி ஒருநாள் கேட்டார்.

"அதே சாயங்காலம்தான் சாமி. இருட்டவும் மாட்டேங்கு, விடியவும் மாட்டேங்கு. கடலை வறுக்கிற வாசம் வருது, கடலைக்காரன் வரமாட்டேங்கான். பாட்டு ஆரம்பிச்சதும் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கணும், யாராவது திரும்ப ஓட்டுற வரைக்கும். நங்கூரம் முழுசாக் கேக்க எனக்குக் குடுத்து வைக்கல."

இதெல்லாம் இப்படிப் போய்க்கொண்டே இருந்திருக்கும். ஆனால் ரெபேக்காவுக்குக் கல்யாண நிச்சயம் வந்தது.

ரெபேக்கா அந்தச் சம்பந்தத்தை ஆசையாக எதிர்பார்த்திருந்தாள். மாப்பிள்ளைக்குக் கொழும்புக் கப்பலில் வேலை, ஆள் பார்க்க அழகாக இருப்பான். நிச்சயத்தன்று பகலில் பந்தலில் எல்லோரும் சாப்பிட உட்காரும் சமயம் மைக்செட்டுக்காரர் உப்புக்காற்றின் துறைமுக மைதானக் கேசட்டைப் போட்டுவிட்டு பந்திக்குப் போய்விட்டார். டெல்பினா ரெபேக்காவுக்குப் பின்னால்தான், பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்றாம் பாட்டு முடிந்தது. தெருவின் இரண்டு முனையிலும் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிகளில் அவள் குரல் வந்தது.

"பாவம் ரெபேக்கா. இவன் குடிச்சா பெத்த தாயையே அடிக்கிறவன்னு யாரும் அவகிட்ட சொல்லலையே."

டெல்பினா பூக்கூடையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வாயில் என்ன இருக்கிறது பொத்துவதற்கு. கைதட்டல் அந்தப் பந்தலின் மேல் ஓய்ந்து, 'நங்கூரம்' மெதுவாக இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா இலைமுன் உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள், அதனால் அது உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நிச்சயம் நின்றது.

மறுநாள் ரெபேக்கா ஆபீசில் தன் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். டெல்பினா பக்கத்தில் போய் நின்றபோது நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "நீ சொன்னது நெசந்தான், ஒத்துக்கிடுதேன். அதுக்காக? நான் அதை மைக்செட்டுலயா கேக்கணும்? ஊரு பூரா இலை போட்டு உக்காந்திருக்கும்போதா கேக்கணும்? முன்னாடியே தெரியும்னா ஒரு துண்டுக் காகிதத்துல எழுதித் தந்திருக்கலாம்லா. ஆபீஸ் கடிதாசி மாதிரி இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் வாசிச்சிருப்பேன்."

டெல்பினாவிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஊரெல்லாம் கேட்கும். அவள் தன் மேசைக்குத் திரும்பி வந்து டைப் அடித்தாள். அதன் பிறகு தெருக்காரர்களும் கேசட் போடும்போது கொஞ்சம் யோசித்தார்கள். மூன்றாம் பாட்டு முடிகிற சமயம் சத்தத்தைக் குறைத்தார்கள். மாமியாரைப் பற்றிப் பேச வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். டெல்பினா தெருவில் நடந்துபோனால், இவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாளோ என்று கதவுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

அடுத்த வருஷம் உப்புக்காற்று உடைந்தது. நாலு பேரும் நாலு பக்கம் போனார்கள். உடைந்த குழுவுக்குத்தான் கிராக்கி அதிகம் என்று கண்டுகொண்ட கம்பெனிக்காரர்கள், மேடைப் பாடல்களை மட்டும் சேர்த்து ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் 'நங்கூரம்' இருந்தது. கைதட்டலை வெட்டியிருந்தார்கள், ஒரு தும்மல் அளவுக்கு மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அந்தத் தொகுப்பு கடைக்கு வந்த அன்றே டெல்பினாவின் குரல் பழைய கேசட்டிலிருந்து காலி செய்துகொண்டு புதியதற்குக் குடிபோனது. பழைய கேசட்டில் அந்த முதல் கத்தல் மட்டும், எந்தக் கேசட்டிலும் இருக்கிற வெறும் பதிவுச் சத்தமாக மிஞ்சியது. புதியதில் அவளால் இரண்டு சொல் சொல்ல முடிந்தது, அதுவும் அவசரமாக.

"நெருக்குது அண்ணே" என்றாள். ஓட்டிப் போட்டால், "நிக்க முடியல" என்றாள்.

ஹெர்மன் தொகுப்புக் கேசட்டுகளுக்காக அத்தனை வருஷம் வாதாடியவன், அந்தக் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கடைக்காரர் மூலமாக இன்னொரு செய்தியும் வந்தது. அடுத்ததாக 'முழுத் தொகுப்பு' ஒன்று தயாராகிறது, எல்லாப் பாட்டையும் சுத்தம் செய்து, ஒரு கைதட்டல், ஒரு மூச்சுச் சத்தம் இல்லாமல் வரப்போகிறது.

அண்ணனும் தங்கையும் பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனார்கள். கஸ்பார் அங்கேதான் கடலோரம் ஒரு வீட்டில் தனியாக இருந்தான். கன்னத்தில் நரை விழுந்திருந்தது. டெல்பினாவை யாரென்று சொன்னதும் அவன் எழுந்து நின்றான்.

"அந்தக் கத்து கத்தினது நீதானா?" என்றான். கோபமா என்று ஹெர்மனுக்குப் புரியவில்லை. "அதுக்கப்புறம் எந்த ஊர்ல மேடை ஏறினாலும், மெதுவா மெதுவான்னு நாலு பேர் கத்துறாங்க. ஒரு தடவை வேகமா ஆரம்பிச்சுப் பார்த்தேன், செருப்பு வந்து விழுந்துச்சு. பிறகு மத்த பாட்டெல்லாமே மெதுவா ஆயிட்டு. தொம்மை, 'நான் டிரம்ஸ் அடிக்கேனா, ஆணி அடிக்கேனா'ன்னு கேட்டுட்டுக் கிளம்பினான். அப்படித்தான் உடைஞ்சுது. அந்தச் சாயங்காலம் என்னையும் விடல தங்கச்சி."

ஹெர்மன் டேப்ரிக்கார்டரை வைத்தான். கேசட்டைப் போட்டான்.

"தப்பா சொன்னேன்?" என்றது குரல்.

கஸ்பார் பெட்டியைப் பார்த்தே பதில் சொன்னான். "இல்லை. அந்தப் பாட்டு அப்படித்தான் பாடணும். அதுதான் வயித்தெரிச்சல்."

ஹெர்மன் வந்த விஷயத்தைச் சொன்னான். முழுத் தொகுப்புக்கு கஸ்பார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவன் யோசித்துவிட்டு உற்சாகமாகச் சொன்னான்: "இதுக்கு ஏன் கவலைப்படுதீங்க? ஸ்டூடியோவுல இருக்கிறவன் எனக்குத் தெரிஞ்சவன். அந்தக் கைதட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டச் சொல்லுதேன். ஒரு பக்கம் முழுக்க ஓடட்டும். உன் தங்கச்சி ஆசைதீரப் பேசலாம்."

ஹெர்மனுக்கு உயிர் வந்தது. கேசட்டை ஓட்டினான். "பொய்க் கைதட்டு" என்றது குரல். ஓட்டினான். "இருமல் வரும்." ஓட்டினான். "எனக்கு வேண்டாம்."

ஹெர்மன் எழுந்துவிட்டான். "ஏட்டி, உனக்குப் பேசவே வாயில்ல! இதுல ரசனை வேறயா? அடுத்த மாசம் அந்தத் தும்மலும் போயிரும். அம்மாவை நினைச்சியா? பொய்க் கைதட்டா இருந்தா உனக்கென்ன, நெசக் கைதட்டா இருந்தா உனக்கென்ன?"

டெல்பினா அண்ணனின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி மறுபடி கேசட்டை ஓட்டினான். அவள் இரண்டிரண்டு சொல்லாகச் சொன்னதை அன்று மத்தியானம் முழுக்கக் கோத்துப் பார்த்தபோது இவ்வளவு வந்தது: வெட்டி ஒட்டுன கூட்டத்துல ஒரே மூஞ்சிதான் திரும்பத் திரும்ப வரும், அதுக்குள்ள ஒரு நாள் இருந்தாப் பைத்தியம் பிடிச்சிரும். ஊரை வந்து தட்டச் சொல்லுங்க. பாட்டு வேண்டாம். தட்டுனா போதும்.

கஸ்பார் மதராசுக்குப் போய், வெறும் கைதட்டல் மட்டும் இருக்கிற ஒரு கேசட்டையும் போட்டால்தான் முழுத் தொகுப்புக்குக் கையெழுத்து என்றான். கம்பெனிக்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்துச் சரி என்றார். ஆனால் தொகுப்பு முதலில் வரும், மற்றது பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

முழுத் தொகுப்பு வந்தது. பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது. மூன்றாம் பாட்டு முடிந்த மறு நொடியே நான்காம் பாட்டு தொடங்கியது. ஹெர்மன் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டான். சலேத்தம்மாள் கேட்டாள். அதிலும் இல்லை, பழைய கேசட்டுகளிலும் அவள் இல்லை. டெல்பினா ஆபீசுக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். அந்த வாரங்களில் அவள் கண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் ஹெர்மன் கூடுதல் வேலை கேட்டு வாங்கி கிரேனின் உச்சியிலேயே உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை மணியை மட்டும் பங்குச் சாமி நிறுத்தவில்லை. ஊரும் பொத்தானை அமுக்கத் தவறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த வெயிலில், கஸ்பாரும் ஒலிப்பதிவுக்காரரும் மைதானத்துக்கு வந்தார்கள். ஊர் வருமா என்று ஹெர்மனுக்குச் சந்தேகம்தான். வந்தார்கள். செருப்புத் தைக்கிறவர் வந்தார், டீக்கடைக்காரர்கள் வந்தார்கள், திருச்செந்தூர் பஸ்ஸின் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பயணிகளோடு வந்தார், கதவுக்குப் பின்னால் நகர்ந்த பெண்களும் முக்காட்டோடு வந்தார்கள். கஸ்பார் மேடையில் கிட்டார் இல்லாமல் நின்றான். பாட்டில்லாமல் கைதட்டுவது அவ்வளவு சுலபமில்லை. முதலில் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டினார்கள், கொஞ்ச நேரத்தில் சத்தம் தேய்ந்தது, சிரிப்பு வந்தது. அப்போது சலேத்தம்மாள் மகளை மேடைக்கு முன்னால் கூட்டிவந்து நிறுத்தி, தான் தனியாகத் தட்ட ஆரம்பித்தாள். அந்தச் சின்னக் கைகளின் சத்தத்தைக் கேட்டதும் கூட்டம் மறுபடி பிடித்துக்கொண்டது. கை சிவந்தவர்கள் நிறுத்த, பக்கத்தில் இருந்தவர்கள் தொடர, துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டை மாற்றுவதுபோல் முறை மாற்றிக்கொண்டு, கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் தேவையான அளவு, வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் தட்டினார்கள்.

ரெபேக்காவும் வந்திருந்தாள். முன்வரிசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. முடியும் வரை போகவும் இல்லை.

கேசட் வந்த அன்று ஹெர்மனின் கூடத்தில் இடமில்லை. தெருவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ரெபேக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். ஹெர்மன் பொத்தானை அமுக்கினான். கைதட்டல், கைதட்டல், மேலும் கைதட்டல். சலேத்தம்மாள் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். அப்புறம், தூரத்திலிருந்து நடந்து வருகிறவள்போல் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சிரைத்துக்கொண்டு குரல் வந்தது.

"வந்துட்டேன்."

கூடத்தில் இருந்த டெல்பினாவை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன்" என்றது குரல். "மேடைக் கேசட்டுன்னு எடுத்துக்கிட்டா இது சுத்த மோசம். ஒரு பாட்டு இல்ல. வாங்குறவன் காறித் துப்புவான். ஆனா இருமல் ஒவ்வொண்ணும் வேற வேற ஆளோடது."

ஊர் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கக் காத்திருக்காமல் பேசினாள். அம்மாவின் கை எது என்று சொன்னாள், பஸ் டிரைவரின் கை எது என்று சொன்னாள், ஒருத்தர் ஒரே கையால் தொடையில் தட்டியதைச் சொல்லி அது யார் என்று கேட்டாள், கிரேன் ஓட்டுகிறவனின் கை இரும்புத் தகடுபோல் சத்தம் போடுகிறது என்று அண்ணனைக் கேலி செய்தாள். அவள் அவ்வளவு நேரம் பேசி யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் தணிந்தது.

"உள்ளே கூட்டம் ரொம்ப நெருக்கம்தான். எல்லாப் பக்கமும் தட்டுதாங்க, கால் வைக்க எடமில்ல. சுத்திச் சுத்தி வந்தேன். முன்வரிசைப் பக்கம் ஒரு ஆள் நிக்கிற அளவு எடம், சத்தமே இல்லாம கிடந்துச்சு. அங்கதான் நிக்கேன் இப்போ. யாரோட எடம்னு எனக்குத் தெரியும். அது ஒண்ணு இல்லைன்னா எனக்கு நிக்க எடம் கிடைச்சிருக்காது. ரெபேக்கா, அன்னைக்கு நான் உங்கிட்ட—"

டக்கென்று பொத்தான் எழும்பியது. முதல் பக்கம் தீர்ந்துவிட்டது.

நாற்காலியில் இருந்த டெல்பினா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெர்மன் கேசட்டை வெளியே எடுத்தான், எடுத்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

ரெபேக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜனங்களுக்கு நடுவில் இடம் பண்ணிக்கொண்டு டேப்ரிக்கார்டரின் முன்னால் உட்கார்ந்தாள்.

"மத்த பக்கத்தைப் போடுங்கண்ணே" என்றாள்.